பெடல் லேசானால் போதுமா?

பழைய கார் வைத்திருப்பவர்கள் மெக்கானிக்கிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: “இதுக்கு ஒரு பூஸ்டர் போட்டுடலாமா?” அம்பாசடரோ, பிரீமியர் பத்மினியோ, ஸ்டாண்டர்டு ஹெரால்டோ, எதுவானாலும் இன்றைய காரை ஓட்டிப் பழகிய காலுக்கு அதன் பிரேக் பெடல் கல்லாகத் தெரியும். பெங்களூரில் அல்சூர் ஏரிக்கும் இந்திராநகருக்கும் இடையே நெருக்கமான தெருக்களோடு அமைந்திருக்கும் ஜோகுபாளையத்தில் இந்தக் கேள்விக்கு அழுத்தம் இன்னும் அதிகம். தமிழர்கள் தலைமுறை தலைமுறையாக வாழும் இந்தப் பகுதியிலிருந்து ஒரு பழைய வண்டியை வெளியே எடுத்தால் சற்று நேரத்தில் அது ஓல்டு மெட்ராஸ் ரோட்டின் நெரிசலில் நிற்கும். நகர்வதும் நிற்பதுமாகப் போகும் அந்தச் சாலையில் கால் பெடலை விட்டு எடுக்க முடியாது. முழங்கால் வலிக்கிறது, பூஸ்டர் வேண்டும் என்று உரிமையாளர் நினைப்பதில் தவறே இல்லை. தவறு வரிசையில் இருக்கிறது. பழைய காரில் முதலில் மாற்ற வேண்டியது மாஸ்டர் சிலிண்டர். அதுவும் ஒரே சர்க்யூட்டை, அதாவது பிரேக் ஆயில் போகும் ஒரே குழாய்த் தொடரை, இரண்டாகப் பிரிக்கும் மாஸ்டர் சிலிண்டர். பூஸ்டர் அதனோடு சேர்ந்து வரலாம், அதற்குப் பின்னால் வரலாம். அதற்கு முன்னால் வரக் கூடாது. ஏன் என்பதைப் புரிந்துகொள்ள, பெடலை மிதித்ததிலிருந்து சக்கரம் நிற்பது வரை உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும்.

மூடிய பாத்திரத்தில் உள்ள திரவத்தின் மீது ஓரிடத்தில் கொடுக்கும் அழுத்தம் எல்லாப் பக்கமும் ஒரே அளவில் பரவும் என்று 17-ஆம் நூற்றாண்டில் பிளேஸ் பாஸ்கல் சொன்ன விதிதான் ஹைட்ராலிக் பிரேக்கின் அடிப்படை. காரில் அந்தப் பாத்திரம் மாஸ்டர் சிலிண்டர். பெடலை மிதித்தால் அதிலுள்ள பிஸ்டன் முன்னே நகர்ந்து பிரேக் ஆயிலைத் தள்ளுகிறது. அந்த அழுத்தம் குழாய்களின் வழியே நான்கு சக்கரங்களிலும் உள்ள வீல் சிலிண்டர்களுக்குப் போய், பிரேக் ஷூக்களை டிரம்மின் உட்பக்கத்தில் அழுத்துகிறது. ஓர் எளிய கணக்கு போடலாம். ஓட்டுநர் 30 கிலோ விசையோடு மிதிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பெடலின் நெம்புகோல் விகிதம் 5 மடங்கு என்றால், பிஸ்டனுக்கு வந்து சேருவது 150 கிலோ. பிஸ்டனின் விட்டம் முக்கால் அங்குலமாக இருந்தால் அதன் பரப்பு சுமார் 2.85 சதுர சென்டிமீட்டர். ஆக, குழாயில் உருவாகும் அழுத்தம் ஒரு சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 52 கிலோ. சைக்கிள் டியூபில் அடைக்கும் காற்றைவிடப் பல மடங்கு அதிகமான இந்த அழுத்தத்தை உள்ளே பிடித்து வைத்திருப்பது விரல் நுனி அளவுள்ள ஒரு ரப்பர் வாஷர். அந்த வாஷர் தேய்ந்தாலோ, சிலிண்டரின் உட்சுவரில் துருப்பிடித்துக் குழி விழுந்தாலோ, ஆயில் பிஸ்டனைத் தாண்டிப் பின்பக்கம் கசியும். சிக்னலில் பெடலை மிதித்தபடி நிற்கும்போது அது மெல்ல மெல்லக் கீழே இறங்கினால் அதற்கு இதுதான் முதல் காரணம்.

பழைய வண்டிகளின் உண்மையான பலவீனம் இங்கேதான் இருக்கிறது. இந்துஸ்தான் மோட்டார்ஸ் 1957-ல் தயாரிக்கத் தொடங்கிய அம்பாசடர், பிரிட்டனின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசையை அடிப்படையாகக் கொண்டது. பம்பாயின் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் பத்மினி என்ற பெயரில் விற்ற வண்டி, அடிப்படையில் இத்தாலியின் ஃபியட் 1100 டி. இரண்டுமே 1950-களின் சிந்தனையில் பிறந்தவை. அந்தக் காலத்து வடிவமைப்பில் மாஸ்டர் சிலிண்டர் ஒன்று, அதற்குள் அறை ஒன்று, நான்கு சக்கரங்களுக்கும் பொதுவாக ஒரே சர்க்யூட். நான்கு சக்கரங்களில் ஏதாவது ஒன்றின் ரப்பர் ஹோஸ் வெடித்தால், பின் ஆக்சிலின் மீது போகும் இரும்புக் குழாய் துருப்பிடித்து ஓட்டையானால், அல்லது மாஸ்டர் சிலிண்டரின் வாஷரே போனால், போவது அந்த ஒரு சக்கரத்தின் பிரேக் மட்டும் அல்ல, நான்கும். பெடல் தரைவரை இறங்கும், வண்டி நிற்காது. இந்த ஆபத்தைக் கார் உலகம் அப்போதே உணர்ந்தது. 1962 மாடலிலேயே அமெரிக்காவின் கேடிலாக்கும் ராம்ப்ளரும் இரண்டு அறை கொண்ட மாஸ்டர் சிலிண்டரைப் பொருத்தின. முன் சக்கரங்களுக்கு ஓர் அறை, பின் சக்கரங்களுக்கு ஓர் அறை. ஒன்று போனாலும் மற்றது வேலை செய்யும். 1968 முதல் அமெரிக்காவில் விற்கும் எல்லா பயணிகள் கார்களுக்கும் இப்படிப் பிரிந்த சர்க்யூட் கட்டாயமானது. அறுபது ஆண்டுகளாக உலகம் அறிந்த பாதுகாப்பு இது. ஒற்றைச் சர்க்யூட்டோடு இன்று ஓடும் பழைய காருக்கு அது இல்லை.

இப்போது பூஸ்டருக்கு வருவோம். பெல்ஜியத்தைச் சேர்ந்த ஆல்பர்ட் திவாந்தர் என்ற பொறியாளர் 1920-களில் உருவாக்கிய வேக்குவம் சர்வோவின் வழிவந்தது அது. வட்டமான தகர டப்பா ஒன்று. அதன் நடுவே ரப்பர் டயாஃப்ரம். பெடலை மிதிக்காத போது டப்பாவின் இரு பக்கமும் இன்ஜினிலிருந்து வரும் வேக்குவம் இருக்கும். மிதித்ததும் ஒரு வால்வு திறந்து பின்பக்கத்தில் மட்டும் வெளிக்காற்றை உள்ளே விடுகிறது. முன்பக்கம் வேக்குவம், பின்பக்கம் வளிமண்டலக் காற்று. இந்த வித்தியாசம் டயாஃப்ரத்தை முன்னே தள்ளி, ஓட்டுநரின் காலுக்குத் துணையாக மாஸ்டர் சிலிண்டரை அழுத்துகிறது. துணை எவ்வளவு? 20 சென்டிமீட்டர் விட்டமுள்ள டயாஃப்ரத்தின் பரப்பு சுமார் 314 சதுர சென்டிமீட்டர். கடல்மட்டத்தில் நல்ல பெட்ரோல் இன்ஜின் ஐடிலில் ஏறத்தாழ 18 அங்குலப் பாதரச அளவுக்கு வேக்குவம் தரும். அப்படியானால் அதிகபட்ச உதவி சுமார் 195 கிலோ. ஆனால் பெங்களூர் கடல்மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல் இருக்கிறது. 300 மீட்டர் ஏறினால் வேக்குவம் ஏறத்தாழ ஓர் அங்குலம் குறையும் என்பது மெக்கானிக்குகள் அறிந்த கணக்கு. அதன்படி இங்கே 15 அங்குலம்தான் மிஞ்சும். அதே டப்பா தரும் உதவி சுமார் 160 கிலோவாகக் குறையும். சென்னையில் பொருத்தி மெச்சப்பட்ட ஒரு பூஸ்டர், தேய்ந்த இன்ஜினோடு பெங்களூரில் அத்தனை லேசாக இல்லாமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம். வாங்குவதற்கு முன்பே வேக்குவம் கேஜ் வைத்து இன்ஜின் என்ன தருகிறது என்று அளந்துவிட்டால், எந்த அளவு டயாஃப்ரம் வேண்டும் என்பதை ஊகிக்க வேண்டியதில்லை.

இரண்டு பாகங்களும் பழுதானால் என்ன ஆகும் என்று ஒப்பிட்டால் வாதம் தெளிவாகிவிடும். பூஸ்டரின் டயாஃப்ரம் கிழிந்தால், அல்லது வேக்குவம் ஹோஸ் கழன்றால், பெடல் இறுகிவிடும். ஐடில் தடுமாறலாம், பெடலடியில் உஸ்ஸென்று சத்தம் கேட்கலாம். ஆனாலும் பலமாக மிதித்தால் வண்டி நிற்கும். ஏனெனில் பெடலுக்கும் மாஸ்டர் சிலிண்டருக்கும் இடையிலான இரும்புத் தொடர்பு அப்படியே இருக்கிறது. ஒற்றை மாஸ்டர் சிலிண்டர் பழுதானால் எவ்வளவு பலமாக மிதித்தாலும் பயனில்லை. முன்னது காலைச் சோதிக்கும் பழுது, பின்னது உயிரைச் சோதிக்கும் பழுது. கையில் உள்ள பணத்துக்கு இரண்டில் ஒன்றைத்தான் செய்ய முடியும் என்றால் எதைச் செய்வது என்பதில் தயக்கத்துக்கே இடமில்லை. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பூஸ்டர் புதிதாக எந்தப் பிரேக்கையும் உண்டாக்குவதில்லை. இருக்கும் பிரேக்கை எளிதாக அழுத்த உதவுகிறது, அவ்வளவே. ஷூவில் எண்ணெய் பட்டிருந்தால், டிரம் முட்டை வடிவமாகத் தேய்ந்திருந்தால், ஒரு வீல் சிலிண்டர் இறுகியிருந்தால், பூஸ்டர் அந்தக் குறைகளைச் சரிசெய்யாது. காலுக்குத் தெரியாமல் மறைத்துவிடும். முன்பு இறுகிய பெடல் மூலம் வண்டி சொல்லிக்கொண்டிருந்த புகாரை இனி ஓட்டுநர் கேட்க மாட்டார். ஈரமான சாலையில் திடீரென மிதிக்கும்போது ஒரு பக்கச் சக்கரம் மட்டும் பூட்டிக்கொண்டு வண்டி திரும்பும் அந்த நொடியில்தான் அது தெரியவரும்.

பூஸ்டர் ஏற்கெனவே உள்ள வண்டிகளிலும் இதே முறை பொருந்தும். இசுசூ இன்ஜினோடு வந்த பிற்கால அம்பாசடர்களைப் போல, மாஸ்டர் சிலிண்டர் பூஸ்டரின் முகப்பில் நேராகப் பொருத்தப்பட்ட வண்டிகளை எடுத்துக்கொள்ளுங்கள். மாஸ்டர் சிலிண்டரின் பின்பக்க வாஷர் தேய்ந்தால் ஆயில் தரையில் சொட்டாது, பூஸ்டருக்குள் போகும். உரிமையாளர் வாரம் ஒருமுறை ஆயிலை ஊற்றி நிரப்புவார், கசிவு எங்கே என்று தேடினால் எங்கும் ஈரம் இருக்காது. உள்ளே போன ஆயில் டயாஃப்ரத்தைக் கெடுக்கும், தகரத்தின் பெயிண்டை உரித்துத் துருவுக்கு வழிவிடும், சில நேரம் வேக்குவம் ஹோஸ் வழியே இன்ஜினுக்குள் இழுக்கப்பட்டு வெள்ளைப் புகையாக வெளியே வரும். இந்த நிலையில் கெட்டுப்போன பூஸ்டரை மட்டும் மாற்றி, கசியும் மாஸ்டர் சிலிண்டரை அப்படியே விட்டால் புதிய பூஸ்டரும் அதே கதியை அடையும். ஆகவே பூஸ்டர் போனால் மாஸ்டர் சிலிண்டரைக் கழற்றி அதன் பின்பக்கம் ஈரமாக இருக்கிறதா என்று பார்க்காமல் எந்த முடிவும் எடுக்கக் கூடாது. ஈரமாக இருந்தால் இரண்டையும் சேர்த்து மாற்றுவதுதான் சிக்கனம்.

இதற்கு மறுப்புகள் இல்லாமல் இல்லை. முதலாவது, “ஐம்பது வருஷமா இந்த பிரேக்லதானே ஓடுது? ஹேண்ட் பிரேக் வேற இருக்கே?” என்பது. வண்டி ஐம்பது வருடம் ஓடியிருக்கலாம். ஆனால் அது ஓடிய சாலை இப்போது இல்லை. இந்தியாவில் 2019 ஏப்ரல் முதல் விற்கும் எல்லாப் புதிய கார்களிலும் ஏபிஎஸ் இருக்கிறது. முன்னால் போகும் கார் திடீரென நின்றால், அது நிற்கும் தூரத்தில் பழைய டிரம் பிரேக் வண்டியால் நிற்க முடியாது. மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி நொடிக்கு 11 மீட்டர் போகிறது. பெடலை இரண்டு முறை பம்ப் செய்து பிடிக்க வைக்கும் வழக்கம் ஒரு நொடியைத் தின்றால் அந்த 11 மீட்டரும் போயிற்று. ஹேண்ட் பிரேக் கேபிள் மூலம் பின் சக்கரங்களை மட்டும் பிடிக்கிறது. நிறுத்தும் வேலையில் பெரும்பங்கு முன் சக்கரங்களுடையது. பிரேக் போட்டதும் வண்டியின் பாரம் முன்னே சாய்வதே காரணம். பின் சக்கரங்களை மட்டும் இழுத்துப் பிடித்தால் நிற்கும் தூரம் நீளும், வண்டி வழுக்கவும் கூடும். மேலும், ஐம்பது வருடம் ஓடிய வண்டியைவிட ஐந்து வருடம் நின்ற வண்டியின் பிரேக் மோசமாகவே இருக்கும். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் தன்மை கொண்டது. அந்த ஈரம் அசையாத பிஸ்டனைச் சுற்றித் தங்கி உட்சுவரைத் துருப்பிடிக்க வைக்கும். வார இறுதியில் மட்டும் வெளியே வரும் கிளாசிக் காருக்கு இது நேரடியாகப் பொருந்தும்.

இரண்டாவது மறுப்பு இன்னும் ஆழமானது. பழைய வண்டியை உண்மையாக நேசிப்பவர்களிடமிருந்து வருவது. கம்பெனி பொருத்தியது ஒற்றை மாஸ்டர் சிலிண்டர். அதை மாற்றினால் வண்டியின் அசல் தன்மை போகாதா? இந்தக் கவலை மதிக்கத்தக்கது. சக்கரத்தின் மூடி முதல் டேஷ்போர்டின் கடிகாரம் வரை அசலாக வைத்திருக்க அவர்கள் படும் பாடு, நம் நாட்டின் தொழில் வரலாற்றைக் காக்கும் வேலை. ஆனால் பாதுகாப்புக்காகச் செய்யும் மாற்றம் அந்த வரலாற்றை அழிப்பதில்லை என்பதைச் சட்டமும், பழமையைக் காக்கும் அமைப்புகளும் ஒப்புக்கொள்கின்றன. 2021 ஜூலையில் மத்திய அரசு கொண்டுவந்த விதிகள், 50 ஆண்டுக்கு மேற்பட்ட வண்டிகளை விண்டேஜ் என்று பதிவு செய்து, எண்ணில் ‘விஏ’ என்ற எழுத்துகளோடு தனிப் பலகை தர வழி செய்தன. அசல் வடிவில் இருக்க வேண்டும் என்று கேட்கும் அந்த விதிகள், கூடாத பெரிய மாற்றங்களாக எடுத்துச் சொல்வது சேசிஸ், பாடி, இன்ஜின் ஆகியவற்றில் செய்பவற்றை. பழைய வாகனங்களுக்கான சர்வதேசக் கூட்டமைப்பான ஃபிவா ஏற்றுக்கொண்ட டூரின் சாசனமும், பாதுகாப்புக்கான மாற்றங்களை அடியோடு தடுக்கவில்லை. அவை மிகக் குறைவாகவும், கண்ணுக்கு உறுத்தாமலும் இருக்க வேண்டும் என்கிறது. இதைப் பின்பற்றுவது கடினமல்ல. சேசிஸில் புதுத் துளை போடாமல், இருக்கும் போல்ட்டுகளிலேயே பிராக்கெட் வைத்துப் பொருத்தலாம். கழற்றிய அசல் பாகங்களைத் துடைத்து, எண்ணெய் பூசி, சீட்டெழுதிப் பெட்டியில் வைக்கலாம். கோவையில் ஜி.டி. கார் மியூசியத்தில் இருப்பது போல ஓடாமல் நிற்கப்போகும் காட்சி வண்டிக்கு அசல் சிலிண்டரே இருக்கட்டும். தெருவில் குழந்தைகளுக்கு நடுவே ஓடப்போகும் வண்டிக்கு முதல் கடமை நிற்பது.

மூன்றாவது மறுப்பு பணம் பற்றியது. புது சிலிண்டர் எதற்கு, கிட் வாங்கிப் போட்டால் போதாதா? வாஷர் கிட் மலிவு, ஒரு மணி நேர வேலை. உட்சுவர் கண்ணாடிபோல் வழவழப்பாக இருந்தால் கிட் போதும் என்பதே நேர்மையான பதில். நகத்தால் தடவிப் பார்த்தால் தட்டுப்படும் குழி இருந்தால் போதாது. ஹோனிங் கல் வைத்துத் தேய்த்துக் குழியைப் போக்கலாம் என்பார்கள். இலேசான கறைக்கு அது சரி. குழி ஆழமாக இருந்தால் அது மறையும்வரை தேய்ப்பதற்குள் சிலிண்டரின் விட்டம் கூடிவிடும். வாஷரின் உதடு சுவரை முழுதாகத் தொடாது. சில மாதத்தில் கசிவு திரும்ப வரும். புதுப் பாகம் கிடைக்காத அரிய வண்டிகளுக்கு, உள்ளே துருப்பிடிக்காத எஃகிலோ பித்தளையிலோ ஸ்லீவ் போட்டு அசல் விட்டத்துக்குக் கடைந்து கொடுப்பது நல்ல வழி. ஆனால் அதைத் துல்லியமான லேத் வேலை தெரிந்தவர்தான் செய்ய வேண்டும். அம்பாசடர் போன்ற வண்டிகளுக்கு இத்தனை சிரமம் தேவைப்படுவதில்லை. 1962-ல் டிவிஎஸ் குழுமமும் பிரிட்டனின் லூகாஸும் சேர்ந்து சென்னை பாடியில் தொடங்கிய பிரேக்ஸ் இந்தியா போன்ற நிறுவனங்களால் இந்தியாவில் பிரேக் பாகத் தொழில் வேரூன்றியது. பெங்களூரின் ஜே.சி. ரோட்டில் உதிரி பாகக் கடைகள் வரிசையாக இருக்கின்றன. ஜோகுபாளையத்துக்காரருக்கு அது ஒரு பேருந்துப் பயண தூரம்தான். அங்கே ஓர் எச்சரிக்கை தேவை. “பழைய ஸ்டாக், கம்பெனி பெட்டி பிரிக்கவே இல்லை” என்று காட்டப்படும் சிலிண்டரின் உலோகம் நன்றாக இருக்கலாம். ஆனால் ரப்பருக்கு அலமாரியிலும் வயதாகும். அப்படி வாங்கினால் உள்ளே உள்ள வாஷர்களைப் புதிதாக மாற்றிய பிறகே பொருத்த வேண்டும்.

நான்காவது மறுப்பு, மறுப்பு என்பதைவிட ஒரு குறுக்குவழி. பழைய பாகச் சந்தையில் கழற்றி விற்கும் ஏதோ ஒரு புதிய காரின் பூஸ்டரையும் டேண்டம் எனப்படும் இரண்டு அறை மாஸ்டர் சிலிண்டரையும் சேர்த்து வாங்கி, பிராக்கெட் வெல்டு செய்து மாட்டிவிட்டால் இரண்டு வேலையும் குறைந்த விலையில் முடியுமே என்பது. முடியும், அளவு பொருந்தினால். மேலே போட்ட கணக்கையே எடுத்துக்கொள்வோம். அதே 150 கிலோ விசை. பிஸ்டனின் விட்டம் முக்கால் அங்குலத்துக்குப் பதில் 7/8 அங்குலம் என்றால் அழுத்தம் 52-லிருந்து சுமார் 39 கிலோவாகக் குறைகிறது. ஓர் அங்குலமானால் 30-க்கும் கீழே. பெரிய பிஸ்டன் ஒரே மிதியில் அதிக ஆயிலைத் தள்ளுவதால் பெடல் மேலேயே இறுக்கமாக நிற்கும். “பிரேக் டைட்டா இருக்கு” என்று உரிமையாளர் மகிழ்வார். சக்கரத்துக்குப் போகும் அழுத்தமோ குறைந்திருக்கும். சிறிய பிஸ்டன் போட்டால் இதற்கு நேர்மாறாக அழுத்தம் கூடும், ஆனால் நான்கு டிரம்களையும் நிரப்பப் போதுமான ஆயில் நகராமல் பெடல் ஆழமாகப் போகும். இன்னொரு நுட்பமும் உண்டு. டிரம் பிரேக் குழாய்களில் மிகச் சிறிய அளவு அழுத்தம் எப்போதும் தங்கியிருக்க ஒரு ரெசிடுவல் வால்வு வைப்பார்கள். டிஸ்க் பிரேக்கில் அது கூடாது, இருந்தால் பேடு விடாமல் உரசும். முன்னே டிஸ்க், பின்னே டிரம் உள்ள காருக்காகச் செய்த சிலிண்டரை நான்கும் டிரம்மாக உள்ள வண்டியில் அப்படியே மாட்டினால் முன்பக்கம் தாமதமாகப் பிடிக்கும். ஆகவே, அசல் சிலிண்டரின் விட்டத்தை அளந்து, அதற்கு இணையான விட்டமுள்ள டேண்டம் சிலிண்டரைத் தேடுவதே முறை. மோரிஸ் மைனர் போல மாஸ்டர் சிலிண்டர் ஓட்டுநரின் காலடியில் சேசிஸுக்குள் புதைந்திருக்கும் வண்டிகளில் டப்பா பூஸ்டரை நேராக மாட்ட இடமே இருக்காது. அவற்றுக்கென்றே பானெட்டுக்குள் எங்காவது வைத்துக் குழாயின் நடுவே இணைக்கும் ரிமோட் சர்வோக்கள் உண்டு. ஆனால் சாதாரணமாக ஒரு ரிமோட் சர்வோ ஒரு சர்க்யூட்டுக்குத்தான் உதவும் என்பதை மறக்கக் கூடாது.

வேலை என்று வந்தால் அதன் வெற்றி சில சிறிய கவனங்களில் இருக்கிறது. முதலில் கீழிருந்து தொடங்க வேண்டும்: டிரம், ஷூ, வீல் சிலிண்டர், ரப்பர் ஹோஸ், இரும்புக் குழாய் எல்லாம் நல்ல நிலைக்கு வந்த பிறகே மேலே கை வைக்க வேண்டும். பழைய ரப்பர் ஹோஸ் வெளியே நன்றாகத் தெரிந்தாலும் உள்ளே ஊதி அடைத்திருக்கும். பெடலை விட்டாலும் பிரேக் விடாமல் பிடித்திருக்கும். புது மாஸ்டர் சிலிண்டரை வண்டியில் மாட்டும் முன் வைஸில் பிடித்து, ஆயில் ஊற்றி, மெதுவாக அழுத்தி உள்ளிருக்கும் காற்றை எடுத்துவிட வேண்டும். இல்லையேல் பின்னால் எத்தனை முறை ஏர் எடுத்தாலும் பெடல் பஞ்சுபோல் இருக்கும். பூஸ்டரின் புஷ்ராடுக்கும் மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டனுக்கும் நடுவே மயிரிழை இடைவெளி வேண்டும். ராடு நீளமாகிப் பிஸ்டனை அழுத்தியபடி இருந்தால், ஆயில் திரும்பிச் செல்லும் சிறு துவாரம் மூடிக்கொள்ளும். ஓட ஓட ஆயில் சூடாகி விரிந்து பிரேக் தானாகவே பிடிக்கும், டிரம் புகையும். ராடு குட்டையானால் பெடலின் முதல் பகுதி வீணாகப் போகும். ஏர் எடுக்கும்போது மாஸ்டர் சிலிண்டரிலிருந்து தொலைவில் உள்ள சக்கரத்தில் தொடங்குவது வழக்கம். வலப்பக்கம் ஸ்டியரிங் உள்ள நம் வண்டிகளில் பெரும்பாலும் அது பின் இடது. வெளியே வந்த ஆயிலை மீண்டும் ஊற்றக் கூடாது. டாட் 3, டாட் 4 இரண்டும் கிளைகால் வகை. சிலிகான் வகையான டாட் 5-ஐ அவற்றோடு கலக்கக் கூடாது. இன்ஜின் ஆயிலோ மண்ணெண்ணெயோ ஒரு சொட்டுப் பட்டாலும் ரப்பர் வாஷர் உப்பிவிடும். கழுவுவதற்குப் பிரேக் கிளீனரோ புது பிரேக் ஆயிலோதான். ஆயில் பாடியில் சிந்தினால் பெயிண்ட் உரியும். உடனே தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். டேண்டம் சிலிண்டர் போட்டவர்கள், ஒரு சர்க்யூட்டில் அழுத்தம் போனால் எரியும் எச்சரிக்கை விளக்கையும் சேர்த்துப் பொருத்துவது நல்லது. இல்லாவிட்டால் பாதி பிரேக்கில் ஓடுவது தெரியாமலே ஓட்டிக்கொண்டிருக்க நேரும்.

டீசல் இன்ஜின் உள்ள அம்பாசடருக்கு இன்னொரு விதி. டீசல் இன்ஜினின் மேனிஃபோல்டில் பூஸ்டருக்குப் போதுமான வேக்குவம் இருக்காது. ஆல்டர்னேட்டரோடு சேர்ந்த வேக்குவம் பம்ப் வேண்டும். பம்ப் இல்லாமல் மாட்டிய பூஸ்டர் வெறும் தகரம். பெட்ரோல் வண்டியானாலும் டீசலானாலும், இன்ஜின் அணைந்த பிறகு பூஸ்டரில் மீதமிருக்கும் வேக்குவம் இரண்டு மூன்று மிதிக்குத்தான் வரும். எண்ணெய் மிச்சம் பிடிக்க இறக்கத்தில் இன்ஜினை அணைத்துவிட்டு உருட்டும் பழக்கம் சிலருக்கு இன்றும் உண்டு. பூஸ்டர் உள்ள வண்டியில் அது தற்கொலைக்குச் சமம். நந்தி மலை பெங்களூர்க்காரர்கள் விடியற்காலையில் உல்லாசப் பயணம் போகும் இடம். கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,478 மீட்டர். அங்கிருந்து இறங்கும்போது தொடர்ந்து பிரேக் பிடித்தால் டிரம் கொதிக்கும். ஈரம் சேராத புது டாட் 3 ஆயிலின் கொதிநிலை குறைந்தது 205 டிகிரி. ஈரம் உறிஞ்சிய பிறகு அது 140 டிகிரி வரை இறங்க இடம் உண்டு. ஆயில் கொதித்து ஆவியானால், ஆவி அழுந்தும், அழுத்தத்தைக் கடத்தாது. பெடல் வெறுமனே உள்ளே போகும். புதிய மாஸ்டர் சிலிண்டரையும் பூஸ்டரையும் மாட்டிவிட்டு ஆயிலை மாற்ற மறந்தால் இந்த ஆபத்து அப்படியே இருக்கும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஆயிலை முழுதாக மாற்றுவதும், இறக்கத்தில் தாழ்ந்த கியரில் வருவதும் எந்தப் பாகத்தைவிடவும் மலிவான பாதுகாப்பு.

இத்தனைக்கும் பிறகு பூஸ்டரே வேண்டாம் என்பது இந்தக் கட்டுரையின் முடிவு அல்ல. வயதான உரிமையாளர்களுக்கும், காலில் பலம் குறைந்தவர்களுக்கும், அவசர நேரத்தில் பலமாக மிதிக்கத் தயங்குபவர்களுக்கும் பூஸ்டர் சொகுசு அல்ல, பாதுகாப்பே. மிதிக்கப் போதுமான பலம் இல்லாத காலுக்கு எவ்வளவு நல்ல மாஸ்டர் சிலிண்டரும் பயன்படாது. அதனால்தான் இரண்டையும் ஒரே வேலையாக, ஒரே திட்டத்தில் செய்வதே சிறந்தது: கீழே உள்ள பிரேக்குகளைச் சரிசெய்து, சர்க்யூட்டை இரண்டாகப் பிரித்து, கடைசியில் காலுக்குத் துணை சேர்ப்பது. பணம் ஒரேயடியாக இல்லை என்றால் இதே வரிசையில் தவணையாகச் செய்யுங்கள். வரிசையை மட்டும் மாற்றாதீர்கள். வேலை முடிந்து வண்டியை எடுக்கும் நாளில் இரண்டு சோதனைகளை நீங்களே செய்யலாம். இன்ஜினை அணைத்துவிட்டு நான்கைந்து முறை பெடலை மிதித்து வேக்குவத்தைத் தீர்த்து, மிதித்தபடியே இன்ஜினைப் போடுங்கள். பெடல் சற்றே உள்ளே இறங்கினால் பூஸ்டர் வேலை செய்கிறது. பிறகு அதே பெடலை ஒரே அழுத்தத்தில் ஒரு நிமிடம் பிடித்திருங்கள். அது அசையாமல் நின்றால் மாஸ்டர் சிலிண்டர் நன்றாக இருக்கிறது. மெல்ல இறங்கினால், பூஸ்டர் எவ்வளவு லேசாக இருந்தாலும் சரி, அந்த வண்டியைச் சாலைக்கு எடுத்துச் செல்லாதீர்கள்.